நீலப் பெயின்ற் பூசிய ட்ரான்சிஸ்டர்

வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற்றை எங்கள் தீவில் யாரும் வீணாக்குவதில்லை. கேற்றுக்குப் பூசுவார்கள், கிணற்றுக் கப்பிக்குப் பூசுவார்கள், சைக்கிள் மட்காட்டுக்குப் பூசுவார்கள். உப்புக்காற்று எந்த இரும்பையும் ஒரு மாரிக்கு மேல் விட்டுவைக்காது என்பதால் அதில் பிழை சொல்லவும் முடியாது. ஆனால் ஓர் அம்பிளிபயரைத் திறந்து, அதன் வயிற்றுக்குள் இருந்த ட்ரான்சிஸ்டர்களைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சு நீலப் பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டிய மனிதரை வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்தேன். அவரைக் கொல்லாமல் விட்டதை என் பொறுமைக்கு இன்றும் சாட்சியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது. கம்பசில் பௌதிகம் படித்துவிட்டு வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு குறைகள் என்று வீட்டில் சொல்வார்கள்: கல்யாணம் ஆகவில்லை, வாயும் அடங்கவில்லை. முதலாவதற்கு இரண்டாவதுதான் காரணம் என்பது அப்பாவின் முடிவு. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில், மின்சாரம் அளக்கிற ஒரு நல்ல மல்ரிமீற்றர் இருந்தது. அதை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. அக்கம்பக்கத்து றேடியோக்கள் சில என் கையால் திரும்பவும் பேசியிருந்தன. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன்.

ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட நேரம், அல்லைப்பிட்டியிலிருந்து லவுட்ஸ்பீக்கர் அக்கா வந்தார். அவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். புருஷன் கப்பலில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னர் லீவில் வந்தபோது சிங்கப்பூரில் இருந்து ஓர் அம்பிளிபயர், இரண்டு ஹோர்ன், ஒரு மைக் எல்லாம் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கார்ப் பற்றறியில் ஓடுகிற செற். மின்சாரம் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு அது பெரிய காரியம். அவர் திரும்பக் கப்பலேறிய பிறகு, செற் மூலையில் தூங்கட்டும் என்று விட அக்காவுக்கு மனம் வரவில்லை. சேர்ச் பெருநாள், கல்யாணவீடு, பள்ளிக்கூடப் போட்டி என்று தானே கொண்டுபோய்க் கட்டினார். கப்பல்காசு வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு அந்த ஹோர்னில்தான் தங்கியிருந்தது.

சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்த அம்பிளிபயரை இறக்கி வைத்துவிட்டு அக்கா மூச்சு வாங்கினார்.

"ரீச்சர், இது செத்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணவீட்டிலை பாடிக்கொண்டு இருந்தது, அப்பிடியே நிண்டிட்டுது. திங்கக்கிழமை உங்கடை கோயில் கொடியேத்தம். பத்து நாளும் எனக்குத்தான் தந்தவை. இது பேசாட்டி நான் துலைஞ்சன்."

அதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த வருஷம்தான் முதன்முறையாக எங்கள் கோயில், வழக்கமாக வருகிற யாழ்ப்பாணப் பட்டணத்து லவுட்ஸ்பீக்கர்காரரை விட்டு அக்காவை ஒழுங்கு செய்திருந்தது. கூட்டத்தில் அதற்கு எதிராகப் பேசியவர் ஒரே ஒருவர். கோயில் மனேச்சர். "பொம்பிளையிட்டைக் குடுத்து நடுத் திருவிழாவிலை நிண்டால் ஆரைப் போய்க் கேக்கிறது?" என்றாராம். மற்றவர்கள் இளைய ஆட்கள், கேட்கவில்லை. இப்போது கொடியேற்றத்தன்று செற் பேசாமல் நின்றால் மனேச்சர் சொன்னது சரியாகிவிடும். பட்டணத்துக்காரர் திரும்பி வந்துவிடுவார். தீவில் உள்ள மற்றக் கோயில்களும் சேர்ச்சுகளும் அதைப் பார்த்து அக்காவைக் கைவிடும். அந்த மனேச்சர் வேறு யாரும் இல்லை, என்னுடைய அப்பா.

மூடியைத் திறந்தேன். உள்ளே நீலக்கடல்.

துணைக்கு வந்து கேற்றடியில் நின்ற அக்காவின் கொழுந்தனைக் கூப்பிட்டு விசாரித்தோம். கடற்றொழில் செய்கிற மனுஷன், வெள்ளை மனசு. "உள்ளுக்கை கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது, தங்கச்சி. அதுதான் நல்லாத் தேச்சுப்போட்டு வள்ளத்துக்கு அடிச்ச பெயின்ற்றிலை ரெண்டு கோட் அடிச்சனான். அடியிலையும் அடிச்சனான்" என்றார். அந்த 'அடியிலையும்' என்ற சொல்லில் ஒரு பெருமை வேறு. அந்த ட்ரான்சிஸ்டர்கள் வேலை செய்யும்போது சூடேறும். சூடு இறங்குவதற்காகத்தான் அவற்றை ஓர் அலுமினியத் தகட்டோடு இறுக்கிப் பூட்டியிருப்பார்கள். இவர் தகட்டுக்கும் அவற்றுக்கும் நடுவில் பெயின்ற்றைத் தடிப்பாகப் பூசி, மேலேயும் பூசி, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திவிட்டார். கல்யாணவீட்டில் ஒரு பகல் முழுக்கப் பாடியதும் ஒன்று வெந்து செத்துவிட்டது.

"அண்ணை, உங்கடை வள்ளத்தை நான் குசினி அடுப்பிலை வைச்சால் பேசாமல் இருப்பியளே?" என்று கேட்டேன்.

கோபம் ஒருபக்கம் கிடக்க, உண்மையான சிக்கல் வேறு. ட்ரான்சிஸ்டரின் பெயர் அதன் தலையில் எழுதியிருக்கும், இரண்டு எழுத்தும் சில இலக்கங்களும். அதைச் சொன்னால்தான் கடையில் மாற்றுச் சாமான் எடுக்கலாம். அண்ணை அரத்தாளால் தேய்த்ததில் இரண்டு தலையும் மொட்டை. நான் மண்ணெண்ணெயில் துணியைத் தோய்த்துப் பெயின்ற்றை உரித்துப் பார்த்தேன். பளபளவென்று உலோகம் சிரித்தது. ஓர் எழுத்தின் வாலைக்கூட அவர் விட்டுவைத்திருக்கவில்லை.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருந்தது. அந்த இரண்டும் ஒரே வகை. ஓர் உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போடுவதுபோல மாறி மாறி வேலை செய்பவை. ஒன்றுதான் செத்தது, மற்றது உயிரோடு இருந்தது. உயிரோடு இருப்பதைச் சோதித்தால் செத்தது யாரென்று சொல்லிவிடலாம். மீற்றரை எடுத்தேன். ட்ரான்சிஸ்டரில் இரண்டு ஜாதி. ஒன்றில் மின்னோட்டம் ஓடுகிற திசைக்கு மற்றதில் நேர் எதிராக ஓடும். ஒன்றுக்கு என்.பி.என். என்று பெயர், மற்றதற்கு பி.என்.பி. சிவப்பு வயரை ஒரு காலிலும் கறுப்பு வயரை மற்றதிலும் பிடித்து முள் எப்போது ஆடுகிறது, எப்போது ஆடாமல் கிடக்கிறது என்று பார்த்தால் ஜாதி தெரியும். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். "என்.பி.என்., அக்கா. நாளைக்கே பட்டணத்திலை எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் போய் நிம்மதியாய்ப் படுங்கோ" என்று அவரை அனுப்பிவைத்தேன். என் வாயைப் பற்றித்தான் முன்னமே சொல்லிவிட்டேனே.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வெளிநாட்டுச் சாமான்களை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம். றேடியோச் சாமான் வைத்திருந்த கடைகள் யாழ்ப்பாணத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் பெரிய கடை, கோயிலை இழந்த அதே பட்டணத்து லவுட்ஸ்பீக்கர்காரருடையது. வேறு வழியில்லாமல் அங்கேதான் போனேன். அவர் அந்த மொட்டைத் தலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, கடையில் நின்றவர்களுக்கும் காட்டினார்.

"நம்பர் இல்லாமல் நான் என்னெண்டு சாமான் தாறது, பிள்ளை? உது ஊர் பேர் தெரியாத ஆளுக்குக் கலியாணம் பேசுற மாதிரி."

"நம்பர் தேவையில்லை. என்.பி.என். பவர் ட்ரான்சிஸ்டர், இந்த அளவிலை. இருந்தால் தாங்கோ, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ."

"என்.பி.என். எண்டால் தப்பினீர். பழைய ஜேர்மானியம் பி.என்.பி. எண்டால் கொழும்பிலையும் எடுக்கேலாது." ஒன்றை எடுத்து நீட்டினார். "ஆனால் மனேச்சரிட்டைச் சொல்லும், திங்கக்கிழமை என்ரை வான் சும்மாதான் நிக்குது எண்டு."

வரும் வழி முழுக்க அந்த மனுஷனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆய்வுகூடத்தில் புதிய சாமானைப் பூட்ட உட்கார்ந்தேன். பற்றாசுக்கோலைச் சூடாக்கி வைத்துவிட்டு வயர்கள் போகும் வழியை ஒருமுறை பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இந்த அம்பிளிபயரில் பற்றறியின் நேர்முனை பெட்டியின் உடம்போடு இணைந்திருந்தது. ட்ரான்சிஸ்டரின் ஒரு காலும் அந்த நேர்முனைக்கே போயிற்று. என்.பி.என். ஆக இருந்தால் அப்படி ஒருவரும் கட்டமாட்டார்கள். எல்லாமே தலைகீழ். ஒன்றில் இந்தச் செற்றைச் செய்தவன் விசரன், அல்லது நான்.

அலுமாரியிலிருந்து வேறொரு வோல்ற்மீற்றரை எடுத்து, என் மல்ரிமீற்றரின் இரண்டு வயருக்கும் குறுக்கே பிடித்தேன். கறுப்பு வயர் நேர்முனை, சிவப்பு வயர் மறைமுனை, நான் நினைத்ததற்கு நேர் எதிர். தடை அளக்கும்போது அந்த வகை மீற்றரில் நிறம் மாறித்தான் வேலை செய்யும். முதலாம் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லித் தந்த விஷயம். நானே அதைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மறந்தவனைக் கதிரையில் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் எந்தக் கதிரையில் ஏறி நிற்பது? ஒருநாள் போயிற்று, பஸ்காசு போயிற்று, பட்டணத்துக்காரரிடம் மூக்கும் உடைந்தது. அதைவிட, நிம்மதியாகப் படுங்கோ என்று நான் அனுப்பிய மனுஷி அங்கே உண்மையாகவே நிம்மதியாகப் படுத்திருந்தார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அழுது முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். ஓம், அழுதேன். பி.என்.பி. என்பது இப்போது நிச்சயம். அடுத்தது, எதனால் செய்தது? சிலிக்கனா, ஜேர்மானியமா? ரோச் பற்றறி ஒன்றைத் தடையொன்றோடு சேர்த்துச் சிறு மின்னோட்டம் விட்டு, இரண்டு கால்களுக்கும் இடையே எவ்வளவு வோல்ற் என்று அளந்தேன். சிலிக்கன் என்றால் அரை வோல்ற்றுக்கு மேலே காட்டும். முள் அதில் பாதிக்கும் கீழே, கால் வோல்ற்றைக்கூட எட்டாமல் நின்றது. ஜேர்மானியம். சூடு தாங்காத பழைய பிறவி. பெயின்ற் கம்பளிக்குள் அது செத்ததில் ஆச்சரியமே இல்லை. கடைசியாக, சின்ன மின்னோட்டத்தை அது எத்தனை மடங்காகப் பெருக்கித் தருகிறது என்றும் அளந்து கொப்பியில் குறித்தேன். பெயர்தான் தெரியவில்லை. மற்றபடி அதன் குலம் கோத்திரம் எல்லாம் என் கையில் இருந்தது.

அதனால் என்ன பயன்? கொழும்பிலையும் எடுக்கேலாது என்று அவர் சொன்ன அதே சாமான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா கார்க் கொட்டகைக்குள் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு பழைய இங்கிலிஸ் கார் நின்றது. ரயர் கிடைக்காமல் இரண்டு வருஷமாகக் கல்லின்மேல் ஏறி நின்ற கார். ஆனால் அதற்குள் ஒரு றேடியோ இருந்தது. அப்பா பற்றறியை மட்டும் ஒழுங்காகச் சார்ஜ் செய்விப்பார். பின்னேரம் ஆனால் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடாத காரின் முன்சீற்றில் ஏறி இருந்து, கதவையும் சாத்திக்கொண்டு செய்தி கேட்பார். அந்த நேரத்தில் பிரதம மந்திரியே வந்து கேற்றில் நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

கொட்டகை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நல்ல கனத்த குரல். சின்ன றேடியோவின் கீச்சுக்குரல் இல்லை. பழைய இங்கிலிஸ் கார்களிலும், அக்காவின் செற்றைப் போலவே, பற்றறியின் நேர்முனையைத்தான் உடம்போடு இணைப்பார்கள். அந்தக் கனத்த குரலைத் தருவதற்கு உள்ளே ஒரு பவர் ட்ரான்சிஸ்டர் இருந்தாக வேண்டும். அந்தக் காலத்துக் கார் றேடியோ என்றால் அது பி.என்.பி. ஆகத்தான் இருக்கும். ஜேர்மானியமாகத்தான் இருக்கும். நேரே போய்க் கார்க் கதவைத் தட்டினேன்.

"என்ன, உன்ரை லவுட்ஸ்பீக்கர் பேசிச்சோ?" என்று அப்பா கேட்டார். "நான் பட்டணத்துக்குச் சொல்லி அனுப்பிப்போட்டன். திங்கக்கிழமை காலமை அவர் வானோடை வருவார். அந்தப் பொம்பிளையின்ரை செற் பேசினால் அவர் திரும்பிப் போகட்டும். பேசாட்டி அவர்தான் கட்டுவார். கோயில் காரியத்திலை நான் விளையாடேலாது."

"பேசும். ஆனால் உங்கடை றேடியோவிலை இருந்து எனக்கு ஒரு சாமான் வேணும்."

செய்தியை அவர் நிறுத்தியதை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். கத்தினார். செய்தி கேட்கிற ஒரு சுகம்தான் தனக்கு மிச்சம் என்றார். படிப்பித்த பிழை தன்னுடையது என்றார். நானும் கத்தினேன். கூட்டத்தில் பொம்பிளை பொம்பிளை என்று பேசினவர், அந்தப் பொம்பிளையின் வயிற்றுப்பாட்டை ஒருநாளாவது நினைத்தாரா என்று கேட்டேன். பிறகு இரண்டு பேரும் சாப்பிடாமல் படுத்தோம்.

சனிக்கிழமை காலை மீற்றரோடும் கொப்பியோடும் காருக்குள் ஏறினேன். அப்பா வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. றேடியோவின் பின்பக்கத்தில் அது இருந்தது, பெயரோடும் இலக்கத்தோடும், என் மொட்டைத்தலையின் உடன்பிறப்பு மாதிரி. கழற்றாமல் ஒரு வயரை மட்டும் விடுவித்து அளந்தேன். பி.என்.பி. ஜேர்மானியம். பெருக்கம் எத்தனை மடங்கு என்று பார்த்தபோது முள் கொப்பியில் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. அப்பாவைக் கூப்பிட்டேன். அக்காவின் செற்றில் உயிரோடு இருந்த மற்றதை அவர் கையில் கொடுத்து, அவரையே வயர்களைப் பிடிக்கச் சொன்னேன். ஒன்றுக்கு முள் எங்கே போயிற்றோ மற்றதற்கும் அங்கேயே போயிற்று. அவர் மூன்று தரம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். அப்பா புகையிலை வியாபாரி, சிப்பத்தைத் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லுகிற மனுஷன். கண்ணால் கண்ட அளவை மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பிழைச்சால்?" என்றார்.

"பிழைச்சால் நானே போய் வான்காரருக்கு வழி காட்டுறன். இனி றேடியோ எண்டு வாய் திறக்கமாட்டன்."

"நீ வாய் திறக்காமல் இருக்கிறதுக்கு ஒரு றேடியோ குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். "கழட்டு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா சேர்ச்சிலிருந்து நேரே, ஹோர்னையும் மைக்கையும் கொழுந்தனின் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டணத்தில் நடந்ததையும், சிவப்புக் கறுப்பு வயர்க் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு என்னோடு இருந்து தகட்டில் ஒரு பொட்டுப் பெயின்ற் இல்லாமல் சுரண்டினார். அண்ணையைக் கிட்ட வரவிடவில்லை. பூட்டி, பற்றாசு வைத்து, ஒவ்வொரு வயரையும் இரண்டு தரம் பார்த்து, பற்றறியைக் கொழுவினேன். சின்னச் சிவப்பு லைற் எரிந்தது. மைக்கை அக்காவிடம் கொடுத்தேன்.

"ஹலோ" என்றார், வாய்க்குள்.

எங்கள் வீட்டு மாமரத்துக் காகம் முழுவதும் எழும்பிப் பறந்தது. ஹோர்ன் அவ்வளவு பலமாகக் கத்தியது. அக்கா மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், மாதாவே என்றார். அந்த மாதாவேயும் ஹோர்னில் கேட்டது. நான் முற்றத்தில் துள்ளினேன். இருபத்தேழு வயது ரீச்சர் துள்ளியதை வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் பலநாள் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து பாடவிட்டோம். தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு, அதற்குமேல் ஏறவில்லை.

திங்கட்கிழமை கொடியேற்றம். பனையின் உச்சியில் கட்டிய ஹோர்ன் இரண்டும் நாதஸ்வரத்தைத் தீவெல்லாம் கொண்டுபோயின. பட்டணத்துக்காரர் சொன்னபடி வானோடு வந்தார். வரும் வழியிலேயே அவருக்குக் கேட்டிருக்கும். இறங்கி, வேப்பமரத்தடியில் அக்கா வைத்திருந்த அம்பிளிபயருக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"உள்ளுக்கை என்ன சாமான் போட்டனீர்?"

"கொழும்பிலையும் எடுக்கேலாத சாமான்" என்றேன். பஸ்ஸில் அடுக்கிய பதில்கள் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் சாமி கும்பிட்டுவிட்டு வானைத் திருப்பினார். நியாயமாகச் சொன்னால், போகும்போது தலையை ஆட்டி நல்லாயிருக்கு என்றும் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் அப்பா செய்தி கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போனார். செய்தி கேட்கிற நேரத்தில் அவர்கள் கதைக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் வந்து முறைப்பட்டார். பிறகு, அக்காவின் புருஷன் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி அனுப்பிய ட்ரான்சிஸ்டரை நான் கார் றேடியோவில் பூட்டிக்கொடுக்கும்வரை நாலு மாதம் அந்த முறைப்பாடு நீண்டது.

கடைசி நாள், கொடி இறங்கிய பிறகு, காளாஞ்சி கொடுக்கும் நேரம். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டு. திருவிழாச் செய்தவர்களுக்குக் கோயில் கொடுக்கும் மரியாதை. கூப்பிட வேண்டியவர்களை எல்லாம் அப்பா கூப்பிட்டு முடித்தார். ஒரு தட்டு மிஞ்சியிருந்தது. அதைத் தானே எடுத்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கி, வீதியைத் தாண்டி, வேப்பமரத்தடிக்கு நடந்தார். பத்து நாளாக அக்கா அந்த நிழலை விட்டு உள்ளே வரவில்லை, வரச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அப்பா இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"ஒருநாளும் நிக்கேல்லை" என்றார். "நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். வாற வருஷமும் நீர்தான் கட்டவேணும்."

மைக் நிறுத்தாமல் இருந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் சொன்னதை ஊர் முழுக்கக் கேட்டது.

அக்கா தட்டை வாங்கினார். உருண்டு விழுந்த பாக்கொன்றைக் குனிந்து எடுத்து வைத்தார். அப்பா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் திரும்பினார். கண் முழுக்கத் தண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரீச்சர், என்ரை மனுஷன் கப்பலாலை வந்து இது தன்ரை செற் எண்டு ஒருக்காச் சொல்லட்டும் பாப்பம்."